தொகுதியில் தோற்ற அண்ணா டெல்லி போனது எப்படி? எம்எல்ஏக்கள் எம்பியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர், பொன்னேரியில் கடை வைத்திருப்பவர், திருத்தணியில் விவசாயம் பார்ப்பவர்... சட்டமன்றத் தேர்தல் வந்தால் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அந்த ஓட்டு ஒரு எம்எல்ஏவைத் தேர்ந்தெடுப்பதோடு முடிந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

ஆனால் ஜெயித்த எம்எல்ஏவின் கையில் இன்னொரு ஓட்டு இருக்கிறது. டெல்லியில் இருக்கும் மாநிலங்களவைக்கு, அதாவது ராஜ்யசபாவுக்கு, யார் போக வேண்டும் என்பதை முடிவு செய்யும் ஓட்டு அது. அதை நாம் நேரடியாகப் போட முடியாது. நம்ம எம்எல்ஏதான் போடுவார்.

இந்த இரண்டாவது ஓட்டு தமிழ்நாட்டு அரசியலின் திசையையே மாற்றிய ஒரு சம்பவம் 1962ல் நடந்தது. சொந்த ஊரில் மக்களிடம் தோற்ற ஒரு தலைவர், அதே ஆண்டு எம்எல்ஏக்கள் வழியாக நாடாளுமன்றத்துக்குள் போனார். ஐந்தே ஆண்டுகளில் முதலமைச்சராகவும் ஆனார். அவர் பேரறிஞர் அண்ணா.

யார் இந்த அண்ணா? சுருக்கமாக ஒரு அறிமுகம்

காஞ்சிபுரத்தில் 1909 செப்டம்பர் 15ல் பிறந்தவர் சி.என்.அண்ணாதுரை. அப்பா நடராசன், அம்மா பங்காரு அம்மாள். வளர்த்தது சிற்றன்னை ராசாமணி அம்மாள். வசதியில்லாத நெசவாளர் குடும்பம். காஞ்சிபுரம் நகராட்சியில் கொஞ்ச நாள் எழுத்தர் வேலை பார்த்துவிட்டு, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பட்டப்படிப்பு முடித்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அன்றைக்குக் காஞ்சிபுரமும், இன்றைய திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பகுதிகளும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன. அதன் பெயர் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997ல்தான். அப்படிப் பார்த்தால், இந்தப் பகுதி மக்களுக்கு அண்ணா ஒரே மாவட்டத்துக்காரர்.

1930களில் பெரியாரைச் சந்தித்த அண்ணா, நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் இயங்கினார். 1936ல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்றார். தோல்வி. ஆக, அவருடைய தேர்தல் வாழ்க்கை தொடங்கியதே தோல்வியில்தான்.

பிறகு பத்திரிகை, மேடைப் பேச்சு, நாடகம், சினிமா என்று பல துறைகளில் இறங்கினார். திராவிட நாடு என்ற இதழை நடத்தினார். வேலைக்காரி, ஓர் இரவு போன்ற நாடகங்கள் படமாகவும் வந்து ஓடின. 1949 செப்டம்பரில் பெரியாரிடமிருந்து பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். திமுகவின் முதல் பொதுக்கூட்டம் சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழைக்கு நடுவில் நடந்தது.

1957: முதல் தேர்தல், 15 இடங்கள்

தொடங்கியதும் திமுக தேர்தலில் நிற்கவில்லை. 1952 தேர்தலில் போட்டியிடாமல் ஒதுங்கியே இருந்தது. 1957ல்தான் முதல்முறையாகக் களத்தில் இறங்கியது. 205 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 15 பேர் ஜெயித்தார்கள். அண்ணா காஞ்சிபுரத்தில் வெற்றி. கருணாநிதி குளித்தலையில் வெற்றி.

15 என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் காமராஜர் தலைமையிலான ஆட்சிக்கு எதிராக அந்த 15 பேரும் சட்டமன்றத்தில் பேசியது வெளியே நன்றாகவே எடுபட்டது. அடுத்த தேர்தலில் இந்த 15 தொகுதிகளையும் எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று காங்கிரஸ் குறி வைத்தது.

1962: கட்சி ஜெயித்தது, தலைவர் தோற்றார்

1962 பிப்ரவரி தேர்தல் முடிவு திமுகவுக்கு ஒரே நேரத்தில் சிரிப்பையும் அழுகையையும் கொடுத்தது.

சிரிப்பு ஏன்? 15 ஆக இருந்த எண்ணிக்கை 50 ஆக உயர்ந்தது. பதிவான வாக்குகளில் சுமார் 27 சதவீதம் திமுகவுக்கு. காங்கிரஸ் 139 இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைத்தாலும், எதிர்க்கட்சி என்றால் இனி திமுகதான் என்பது உறுதியாகிவிட்டது.

அழுகை ஏன்? 1957ல் ஜெயித்த 15 பேரில் 14 பேர் இந்த முறை சட்டமன்றத்துக்குத் திரும்பவில்லை. திரும்பியவர் தஞ்சாவூரில் நின்ற கருணாநிதி ஒருவர் மட்டுமே. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். ஜெயித்தவர் காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.வி.நடேச முதலியார், பஸ் கம்பெனி நடத்தியவர். வித்தியாசம் சுமார் 9 ஆயிரம் வாக்குகள்.

கட்சி மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது, ஆனால் அதை வளர்த்தவருக்கு எந்த அவையிலும் இடமில்லை. சட்டமன்றத்தில் திமுகவை நெடுஞ்செழியன் வழிநடத்தினார். அண்ணா என்ன செய்வது? ஏதாவது இடைத்தேர்தல் வரும் என்று காத்திருப்பதா? கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வழிநடத்துவதா?

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதற்கு நேரமும் சரியாக அமைந்தது. மாநிலங்களவைக்குச் சென்னை மாநிலத்திலிருந்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அப்போதுதான் வந்தது. அதில் வாக்களிப்பவர்கள் எம்எல்ஏக்கள். திமுகவிடம் 50 எம்எல்ஏக்கள் இருந்தார்கள்.

சரி, அந்த 50 போதுமா?

இதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கணும். பயப்பட வேண்டாம், எளிமையான வகுத்தல்தான்.

மாநிலங்களவை ஒரேயடியாகக் கலைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் 6 ஆண்டுப் பதவி. 2 ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுவார்கள். சென்னை மாநிலத்துக்கு 18 இடங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 6.

சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 206 பேர். நியமன எம்எல்ஏவுக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. மேலவை உறுப்பினர்களான எம்எல்சிக்களுக்கும் கிடையாது.

ஒவ்வொரு எம்எல்ஏவின் வாக்குக்கும் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வார்கள். 206 பேருக்கு மொத்தம் 20,600. இதை நிரப்ப வேண்டிய இடங்களோடு ஒன்றைக் கூட்டி, அதாவது 7ஆல், வகுக்க வேண்டும். வருவது 2,942 சொச்சம். சொச்சத்தை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் 2,943. அதாவது ஒரு வேட்பாளர் ஜெயிக்க 30 எம்எல்ஏக்களின் முதல் விருப்ப வாக்கு இருந்தால் போதும்.

ஏன் 7ஆல் வகுக்க வேண்டும்? 206 பேரில் ஏழு வேட்பாளர்கள் தலா 30 வாக்கு வாங்க முடியாது. ஏழு பெருக்கல் முப்பது 210 ஆகிவிடும். ஆறு பேர்தான் வாங்க முடியும். இருப்பதும் ஆறு இடங்கள். அதனால் 30 வாக்கு வாங்கிவிட்ட ஒருவரை, மற்றவர்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்தாலும் வெளியேற்ற முடியாது.

திமுகவிடம் 50 பேர். தேவை 30. ஆக, 139 எம்எல்ஏக்கள் வைத்திருந்த ஆளுங்கட்சி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அண்ணாவுக்கு ஒரு இடம் உறுதி. 1962 ஏப்ரலில் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார்.

எம்எல்ஏக்கள் வாக்களிக்கும்போது 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார்கள். ஒருவருக்குத் தேவைக்கு மேல் வாக்கு விழுந்தால், மிச்சம் அடுத்த விருப்பத்தில் இருப்பவருக்குப் போகும். இதற்கு ஒற்றை மாற்று வாக்கு முறை என்று பெயர். வாக்கு வீணாகாது, சிறிய கட்சிக்கும் அதன் பலத்துக்கு ஏற்ற இடம் கிடைக்கும் என்பதுதான் இதன் நோக்கம்.

திருத்தணி வந்தது, ஒரு சீட்டும் கூடியது

மேலே சொன்ன கணக்கில் 206, 18 என்று இரண்டு எண்கள் வந்தன. இரண்டுக்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

1957ல் சட்டமன்றத்தில் 205 இடங்கள். மாநிலங்களவையில் சென்னை மாநிலத்துக்கு 17 இடங்கள். அப்போது திருத்தணி ஆந்திராவில் இருந்தது. ம.பொ.சிவஞானம் உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, இரு மாநிலங்களும் சில பகுதிகளை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டன. 1959ல் அதற்காக ஒரு சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது.

மக்கள் வந்தால் அவர்களுக்கான பிரதிநிதித்துவமும் கூடவே வரணும் இல்லையா? ஆந்திர சட்டமன்றத்திலிருந்து ஒரு எம்எல்ஏ சென்னை சட்டமன்றத்துக்கு மாற்றப்பட்டார். 205 என்பது 206 ஆனது. மாநிலங்களவை இடம் 17லிருந்து 18 ஆனது. அந்த 18தான் இன்று வரை தமிழ்நாட்டின் எண்ணிக்கை.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. அண்ணா மாநிலங்களவைக்குள் நுழைந்தபோது அந்த அவையின் தலைவராக இருந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த ஊர் திருத்தணி. 1952 முதல் குடியரசுத் துணைத் தலைவராக, அந்தப் பதவியின் வழியாக அவையை நடத்தி வந்தவர். 1962 மே 13ல் அவர் குடியரசுத் தலைவரானார்.

இந்த முறை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் மாட்டிக்கொண்ட கதை

மாநில சட்டமன்றம் தேசிய அவைக்கு ஆள் அனுப்பும் முறை இந்தியா கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்கா 1787ல் எழுதிய அரசியலமைப்பிலேயே அது இருந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் 2 செனட்டர்கள். அவர்களை மக்கள் அல்ல, மாநில சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். மத்திய அரசில் மாநில அரசுகளுக்கும் ஒரு பிடி இருக்க வேண்டும், மக்களின் உடனடிக் கோபதாபங்களிலிருந்து ஒரு அவையாவது கொஞ்சம் விலகி நிற்க வேண்டும் என்பது அதை எழுதியவர்களின் எண்ணம்.

நம்ம முறைக்கும் அதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் தேர்தல். சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்களுடைய ஆள் செனட்டர். எதிர்க்கட்சிக்கு எத்தனை பேர் இருந்தாலும் ஒன்றும் கிடைக்காது.

இதில் மாட்டிக்கொண்டவர் ஆபிரகாம் லிங்கன். 1858ல் இல்லினாய்ஸ் மாநில செனட்டர் பதவிக்காக அவரும் ஸ்டீபன் டக்ளஸும் ஊர் ஊராகப் போய் ஏழு பொது விவாதங்கள் நடத்தினார்கள். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து கேட்டார்கள். ஆனால் லிங்கனுக்கோ டக்ளஸுக்கோ மக்கள் நேரடியாக ஓட்டுப் போட முடியாது. மாநில சட்டமன்ற வேட்பாளர்களுக்குத்தான் போட முடியும்.

லிங்கன் கட்சி வேட்பாளர்கள் மாநிலம் முழுவதும் வாங்கிய வாக்குகள் கூடுதல். ஆனால் சட்டமன்றத்தில் டக்ளஸ் கட்சிக்குத்தான் அதிக இடம். 1859 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் டக்ளஸுக்கு 54, லிங்கனுக்கு 46. நூற்றுக்கு 46 பேர் ஆதரவு இருந்தும் லிங்கன் வெளியே நின்றார்.

இப்போது அண்ணாவைப் பாருங்கள். 206க்கு 50 பேர். நூற்றுக்கு 24 பேர்தான். ஆனாலும் உள்ளே போனார். இருவரையும் தேர்ந்தெடுக்க வேண்டியது சட்டமன்றம்தான். வாக்கை எண்ணும் விதம் மட்டும் வேறு. இல்லினாய்ஸ் முறையில் எண்ணியிருந்தால் 6 இடங்களும் காங்கிரசுக்கே போயிருக்கும். அண்ணா காஞ்சிபுரத்திலேயே இருந்திருப்பார்.

அமெரிக்காவில் இந்த முறைக்கு வேறு சிக்கல்களும் வந்தன. சட்டமன்றத்தில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் இழுபறி நீடிக்கும். டெலவர் மாநிலத்துக்கு 1901 முதல் 1903 வரை ஒரு செனட்டர்கூட இல்லாமல் போனது. மொண்டானாவில் வில்லியம் கிளார்க் என்ற செம்புச் சுரங்க அதிபர் சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்து செனட்டரானார் என்ற புகார் வெடித்து, 1900ல் அவர் பதவி விலக நேர்ந்தது. கடைசியில் 1913ல் அரசியலமைப்பில் 17வது திருத்தம் கொண்டுவந்து, செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு அமெரிக்கா மாறிவிட்டது.

அதற்குப் பிறகு அரசியலமைப்பு எழுதிய இந்தியா, சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் முறையை வைத்துக்கொண்டது. ஆனால் எண்ணும் முறையை மாற்றிக்கொண்டது.

டெல்லியில் அண்ணா என்ன செய்தார்?

1962 மே மாதம் அவர் மாநிலங்களவையில் ஆற்றிய முதல் உரை நாடு முழுவதும் பேசப்பட்டது. தென்னகத்துக்குச் சுயநிர்ணய உரிமை வேண்டும், திராவிட நாடு வேண்டும் என்று நாடாளுமன்றத்திலேயே நின்று வாதிட்டார். அவை கொந்தளித்தது. குறுக்கீடுகள் வந்தன. அவருடைய கோரிக்கையை ஏற்காதவர்கள்கூட அவருடைய ஆங்கிலத்தையும் நிதானத்தையும் கவனித்தார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் விலைவாசி உயர்வுக்கு எதிரான போராட்டத்தில் கைதாகி வேலூர் சிறைக்குப் போனார். அக்டோபரில் சீனப் போர் வந்தது. நாட்டுக்கு ஆபத்து வந்திருக்கும் நேரத்தில் பிரிவினை பேச மாட்டோம் என்று திமுக அறிவித்தது.

அடுத்து வந்தது பெரிய சோதனை. தேர்தலில் நிற்பவர்கள் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று 16வது அரசியலமைப்புத் திருத்தத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. 1963 ஜனவரியில் அண்ணா மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார். மசோதா நிறைவேறியது.

இப்போது கட்சிக்கு முன்னால் இரண்டே வழி. திராவிட நாடு கோரிக்கையை வைத்துக்கொண்டு தேர்தல் அரசியலை விட்டுவிடுவது, அல்லது கோரிக்கையை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்பது. 1963ல் திமுக கோரிக்கையைக் கைவிட்டது. மாநில உரிமை, மாநில சுயாட்சி என்ற பாதைக்கு அண்ணா கட்சியைத் திருப்பினார். தன் வாழ்நாள் கொள்கை ஒன்றை விட்டுக்கொடுத்த முடிவு அது. அந்த முடிவு இல்லாமல் 1967 இல்லை.

அதே 1963ல் ஆட்சிமொழி மசோதா வந்தது. 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடரலாம் என்று அது சொன்னது. தொடரலாம் என்பது உத்தரவாதம் ஆகாது, தொடரும் என்று இருக்க வேண்டும் என்பது இந்தி பேசாத மாநிலங்களின் கவலை. அந்தக் கவலையை அண்ணா அவையில் எடுத்து வைத்தார். அந்த நவம்பரில் ஆட்சிமொழி தொடர்பான அரசியலமைப்புப் பகுதியை எரிக்கும் போராட்டத்தை அறிவித்துக் கைதாகி, 6 மாத சிறைத் தண்டனை பெற்றார். 1965 ஜனவரியில் மாணவர்களின் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது, தமிழ்நாட்டின் குரலாக டெல்லி அவையில் இருந்தவர் அவர்.

தோற்றுப்போன ஒரு மசோதாவும் ஒரு பெயரும்

அந்த ஆறாண்டுப் பதவிக் காலத்தில் நடந்த ஒரு தோல்வியைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. அதை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிரையே விட்டார். மாநிலங்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ஒரு தமிழர்கூட இல்லை. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா.

1963ல் அதை ஆதரித்து அண்ணா பேசினார். பெயரை மாற்றுவதால் என்ன லாபம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. மக்கள் சபைக்கு லோக்சபா என்றும், மாநிலங்கள் சபைக்கு ராஜ்யசபா என்றும் நீங்கள் பெயர் மாற்றியதில் என்ன லாபம் கண்டீர்களோ, அதே லாபம்தான் எங்களுக்கும் என்ற பொருளில் அவர் பதில் கொடுத்தார். மாநிலங்கள் சபை ராஜ்யசபா என்று பெயர் மாறியது 1954ல்தான் என்பதால், கேட்டவர்களுக்கு அது சுருக்கென்று பட்டிருக்கும்.

வாதம் வென்றது, மசோதா தோற்றது. வாக்கெடுப்பில் ஆதரவு போதவில்லை.

1967: மீண்டும் மக்களிடம், மீண்டும் மேலவையில்

1967 பொதுத்தேர்தலில் அண்ணா சட்டமன்றத்துக்குப் போட்டியிடவில்லை. தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார், ஜெயித்தார். மாநிலங்களவைப் பதவியிலிருந்து விலகினார்.

சட்டமன்றத்தில் நடந்ததோ பெரிய புயல். 234 இடங்களில் திமுகவுக்கு மட்டும் 137. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜர் விருதுநகரில் தோற்றார். ஐந்தாண்டுக்கு முன் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்கு நடந்தது, இப்போது மறுபக்கத்துக்கு நடந்தது.

1967 மார்ச் 6ல் அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்றார். அப்போது அவர் எம்எல்ஏ இல்லை. எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாதவர் 6 மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதற்குள் சட்டமன்றத்துக்கோ மேலவைக்கோ தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அண்ணா நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு மேலவை உறுப்பினரானார். கடைசி வரை எம்எல்சியாகவே முதலமைச்சராக இருந்தார்.

இந்த இடத்தில் மூன்று முதலமைச்சர்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1952ல் ராஜாஜி ஆளுநரின் நியமனம் மூலம் மேலவைக்கு வந்து முதலமைச்சரானார். அது பெரிய சர்ச்சையானது. 1954ல் முதலமைச்சரான காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்களிடம் நேரடியாக நின்று ஜெயித்து வந்தார். அண்ணா மேலவை வழியாக வந்தார். மூன்றும் சட்டப்படி செல்லும். ஆனால் மக்கள் மனதில் மூன்றுக்கும் மதிப்பு ஒன்றல்ல.

முதலமைச்சரானதும் 1967 ஜூலை 18ல் தமிழ்நாடு பெயர் மாற்றத் தீர்மானத்தை அண்ணா சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். நிறைவேறியது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றமும் அதற்கான சட்டத்தை இயற்றியது. டெல்லியில் நான்காண்டுக்கு முன் தோற்ற அதே கோரிக்கை. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

அப்போது அவர் புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். 1968ல் அமெரிக்காவில் சிகிச்சை எடுத்துத் திரும்பியிருந்தார். பெயர் மாற்றம் நடந்து மூன்று வாரத்துக்குள், 1969 பிப்ரவரி 3ல் காலமானார். வயது 59. அவருடைய இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டம் உலகமே திரும்பிப் பார்த்த கூட்டம்.

மக்கள் தோற்கடித்தவரை எம்எல்ஏக்கள் அனுப்பலாமா?

அன்றும் கேட்கப்பட்ட கேள்வி, இன்றும் கேட்கப்படும் கேள்வி. தொகுதி மக்கள் வேண்டாம் என்று சொன்ன ஒருவரைக் கொல்லைப்புற வழியாக நாடாளுமன்றத்துக்கு அனுப்புவது சரியா?

எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எம்எல்ஏக்கள் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்பதைக் கட்சித் தலைமைதான் முடிவு செய்கிறது. பணம் படைத்தவர்கள், தலைமைக்கு வேண்டியவர்கள் உள்ளே வர இது வழியாகிவிடுகிறது. வேறு மாநிலத்துக்காரரும் வரலாம். வேட்பாளர் அந்த மாநில வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதி 2003ல் நீக்கப்பட்டுவிட்டது.

ஆதரிப்பவர்களும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். காஞ்சிபுரம் ஒரு தொகுதி. அங்கே பெரும்பான்மை மக்கள் அண்ணாவை ஏற்கவில்லை. ஆனால் மாநிலம் முழுவதும் நூற்றுக்கு 27 பேர் அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். அந்த 27 பேரின் குரல் டெல்லியில் ஒலிக்க வேண்டாமா? 6 இடத்தில் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது என்றால், அது சலுகை இல்லை, பங்கு.

இன்னொன்றையும் யோசிக்கலாம். அண்ணாவுக்கு அந்த இடம் கிடைக்காமல் போயிருந்தால், 16வது திருத்தத்தை எதிர்த்து நாடாளுமன்றத்துக்குள் பேசும் வாய்ப்பும் அவருக்கு இருந்திருக்காது. பேசி, எதிர்த்து, தோற்ற பிறகுதான் கட்சி தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. பிரிவினை கேட்டவருக்கு அவையில் நாற்காலி போட்டுக் கேட்டது இந்திய ஜனநாயகம். அந்த நாற்காலியைக் கொடுத்தது 30 வாக்கு போதும் என்ற அந்தச் சின்னக் கணக்கு.

இன்றைக்கு நிலைமை என்ன?

தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் இப்போதும் 18 இடங்கள். சட்டமன்றத்தில் 234 பேர். 6 இடங்களுக்குத் தேர்தல் என்றால், 23,400ஐ 7ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். 3,343 வரும். ஒரு எம்பிக்கு 34 எம்எல்ஏக்கள் தேவை.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருத்தணி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி... இந்த 6 தொகுதி எம்எல்ஏக்களும் சேர்ந்தாலும் ஒரு எம்பியை அனுப்ப முடியாது. ஆனால் 33 பேர் கையில் இருந்து, ஒரே ஒருவர் குறைந்தால் அந்த ஒரு எம்எல்ஏவின் ஓட்டு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

1962க்கும் இன்றைக்கும் வேறு சில மாற்றங்களும் உண்டு. அன்று ரகசிய வாக்கெடுப்பு. 2003க்குப் பிறகு, வாக்குச்சீட்டைத் தன் கட்சியின் முகவரிடம் எம்எல்ஏ காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். காசு வாங்கிக்கொண்டு மாற்றிப் போடுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. உச்ச நீதிமன்றம் 2006ல் இதைச் செல்லும் என்று சொன்னது. இன்னொரு மாற்றம், அண்ணா முதலமைச்சராக இருக்க வழிசெய்த தமிழ்நாடு சட்ட மேலவையே இப்போது இல்லை. எம்ஜிஆர் ஆட்சியில் 1986ல் அது ஒழிக்கப்பட்டது. இன்றைக்கு எம்எல்ஏ அல்லாத ஒருவர் முதலமைச்சரானால், 6 மாதத்துக்குள் மக்களிடம் வந்து இடைத்தேர்தலில் ஜெயித்தே ஆக வேண்டும்.

டெல்லிக்குப் போகும் வழி மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது, ரோடு, தண்ணீர், பஸ் பற்றிக் கேட்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கலாம். ஜெயித்தால் உங்கள் கையில் வரும் அந்த இரண்டாவது ஓட்டை, எங்கள் சார்பில் யாருக்குப் போடப் போகிறீர்கள்?